நூற்ற கைக்கும் ஒரு பேர் வேணும்

(காரைக்கால் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



ஒரு நாளைக்கு எத்தனை தடவை "சிக்கல்" என்று சொல்றோம்? நூல் சிக்கிக்கொள்வதுதான் சிக்கல். "நூலிழையில தப்பிச்சேன்", "அவன் சாயம் வெளுத்துப் போச்சு", "நூலைப் போல சேலை" எல்லாமே பஞ்சும் தறியும் கொடுத்த பேச்சுதான். ஒற்றுமையான குடும்பத்தை ஊடும் பாவும் போல என்கிறோம். பாவு, நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூல். ஊடை, நாடாவோடு குறுக்கே ஓடுகிற நூல். ஒன்று இல்லாமல் இன்னொன்று துணியாகாது.

படிக்கிற புத்தகத்துக்கும் நூல் என்றுதான் பேர். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், புலவரை நூல் நூற்கிற பெண்ணுக்கு ஒப்பிடுகிறது. சொல் பஞ்சு, வாய் கை, புத்தி கதிர். பெரிய படிப்பை விளக்க, ஒரு பெண்ணோட கைவேலைதான் உதவியிருக்கிறது.

இங்கிலீஷில் 'ஸ்பின்ஸ்டர்' என்று ஒரு சொல். நூல் நூற்பவள் என்று அர்த்தம். கல்யாணமாகாத பெண்கள் பலர் நூற்றுப் பிழைத்ததால், கல்யாணமாகாதவள் என்றே அர்த்தம் மாறிவிட்டது. கேலிப் பேச்சாகவும் ஆனது. இங்கிலாந்து கல்யாணப் பதிவேட்டில் 2005 வரை அந்தச் சொல் இருந்தது. உழைப்பு மறைந்து, புருஷன் இல்லை என்பது மட்டும் நின்றுவிட்டது.

நம்மிடமும் அதுதான் நடக்கிறது. நெசவுக் குடும்பத்துச் சகோதரி ஒருவரின் கடன் மனுவைப் பார்த்தோம். தொழில் என்ற இடத்தில் "இல்லை" என்று இருந்தது. கேட்டோம். "அவருதான் நெசவு. நான் தார் சுத்திக் கொடுப்பேன், அவ்வளவுதான்" என்றார். தார் சுற்றாமல் நாடா ஓடுமா? நாடா ஓடாமல் சேலை வருமா? 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டு நெசவாளர்களில் 100-க்கு 70 பேருக்கு மேல் பெண்கள்தான்!

நெசவு மட்டுமா? கருவாடு காயப் போடுவது, நாத்து நடுவது, மாடு பார்ப்பது, இதெல்லாம் தொழில் இல்லையா? நாமே "சும்மா இருக்கேன்" என்று சொன்னால், வங்கிக்காரர் எதை நம்பிக் கடன் கொடுப்பார்?

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, காலையிலிருந்து ராத்திரி வரை செய்கிற வேலைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாங்க. எழுத வராதவங்க சொல்லுங்க, பக்கத்தில் இருப்பவங்க எழுதட்டும். அதைப் பார்த்து, உறுப்பினர் பதிவேட்டில் தொழில் கட்டத்தை எல்லோரும் சேர்ந்து நிரப்புவோம். "இல்லை" என்ற சொல் அதில் ஒரு இடத்திலும் வேண்டாம்.