வழிவிடும் பண்பு



ஒருவரையொருவர் முன்பின் அறியாத ஆயிரக்கணக்கான மக்கள், தம்முள் ஒரு சொல்லும் பேச இயலாத நிலையில், ஒரே திசை நோக்கி விநாடிக்கு 31 மீட்டர் விரைவில் ஓடுகின்றனர். அருகருகே ஓடும் அவர்களுக்கிடையே சுவர் இல்லை, வேலி இல்லை. தரையில் தீட்டிய வெள்ளைக் கோடுகளே இருக்கின்றன. ஒருவர் தவறு செய்தால், தவறு செய்யாத பலரும் உயிரிழக்க நேரும். ஆயினும், நாள்தோறும் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நலமாக வீடு சேர்கின்றனர். இஃது எங்ஙனம் இயல்கின்றது?

இவ்வினாவுக்கு விடை காண, பிரிட்டனில் ‘மோட்டார்வே’ என வழங்கும் விரைவுச் சாலைகளைச் சிறிது நோக்குவோம். அந்நாட்டிலும் நம் நாட்டைப் போலவே வண்டிகள் இடப்புறமாகச் செல்கின்றன. ஆதலின் அங்குள்ள விதிகளை நாம் எளிதில் உணர்ந்துகொள்ளலாம்.

1958ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், பிரெஸ்டன் நகரை ஒட்டி 8 மைல் நீளத்தில் அமைந்த புறவழிச் சாலையைப் பிரதமர் ஹெரால்ட் மாக்மில்லன் திறந்துவைத்தார். அதுவே அந்நாட்டின் முதல் மோட்டார்வே. மறு ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், ‘எம்-1’ என்னும் நெடிய சாலையின் முதற்பகுதி திறக்கப்பட்டது. இச்சாலைகளில் குறுக்குச் சந்திகள் இல்லை. நிறுத்து விளக்குகள் இல்லை. நடந்து செல்வோருக்கும் மிதிவண்டிகளுக்கும் கால்நடைகளுக்கும் அங்கே இடமில்லை. எதிர்த்திசை வண்டிகள் தனிப் பாதையில் செல்லும். இத்தனை வசதிகளும் இருக்கையில், வண்டி ஓட்டுவதில் இடர் என்ன இருக்கப்போகிறது என்று எண்ணத் தோன்றும்.

ஆனால், சாலை புதிது. ஓட்டுவோரின் பழக்கமோ பழையது. தொடக்கத்தில் அங்கே வேக வரம்பு இல்லை. இரு திசைகளுக்கும் நடுவே தடுப்புக் கம்பிகளும் இல்லை. எம்-1 சாலையைத் திறந்துவைத்த போக்குவரத்து அமைச்சர் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸே, வண்டிகள் பறந்த விரைவைக் கண்டு திடுக்கிட்டார். 1965ஆம் ஆண்டு நவம்பரில், மூடுபனியின் நடுவே வண்டிகள் ஒன்றையடுத்து ஒன்று மோதிய விபத்துகள் நாட்டையே உலுக்கின. அதன் பின்னர், அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் முதல், மணிக்கு 70 மைல் என்னும் வரம்பு சோதனையாக விதிக்கப்பட்டது. 1967இல் அது நிலையான சட்டமாயிற்று. சாலையைச் செப்பனிட்டால் மட்டும் போதாது, அதில் செல்வோர் மனமும் செப்பமுற வேண்டும் என்பதை அந்நாட்டினர் இவ்வாறு கற்றுக்கொண்டனர்.

இனி, அச்சாலையின் அடிப்படை விதியைக் காண்போம். ஒரு திசையில் மூன்று தடங்கள் இருப்பதாகக் கொள்வோம். இடப்புறத் தடம் மெதுவாகச் செல்வோருக்கு, நடுத்தடம் இடைத்தரமாகச் செல்வோருக்கு, வலப்புறத் தடம் விரைந்து செல்வோருக்கு என்று பலர் நினைக்கின்றனர். இது பிழையான எண்ணம். இடப்புறத் தடம் எல்லோருக்கும் உரியது. ஏனைய இரண்டும் முந்திச் செல்வதற்கு மட்டுமே உரியவை. முன்னால் மெல்லச் செல்லும் வண்டியைக் கடக்க வேண்டுமாயின் வலப்புறம் செல்க. கடந்து முடிந்ததும், இடம் வாய்த்தவுடன் இடப்புறம் திரும்புக. 1931ஆம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்து, பல பதிப்புகள் கண்ட ‘ஹைவே கோட்’ என்னும் பிரிட்டன் சாலை விதிநூல் இன்று கூறும் நெறி இதுவே.

தடம் என்பது ஒருவர் குடியிருக்கும் வீடு அன்று; தேவைக்குப் பயன்படுத்திவிட்டுப் பிறருக்கு ஒழித்துத் தரும் பொது இடம். ஊர்க் கிணற்றில் நீர் இறைத்தவர், குடம் நிறைந்ததும் விலகி அடுத்தவருக்கு இடம் தருவார் அன்றோ? குடம் நிறைந்த பின்னும் கிணற்றடியிலேயே நின்றுகொண்டிருந்தால் ஊர் பொறுக்குமா?

அவ்வாறு நின்றுகொண்டிருப்போரும் விரைவுச் சாலையில் உண்டு. இடத்தடம் வெறுமையாய்க் கிடக்கும். முந்துவதற்கு முன்னே வண்டி எதுவும் இராது. ஆயினும் நடுத்தடத்தை விட்டு அவர் நகரமாட்டார். ‘நான் அளவான வேகத்தில்தானே செல்கிறேன்? யாருக்கு என்ன தீங்கு செய்தேன்?’ என்று அவர் கருதுவார். அவர் செய்யும் தீங்கு யாது? பின்னே இடத்தடத்தில் வருபவர், அவரைக் கடக்க வேண்டுமானால் இரண்டு தடங்களைத் தாண்டி வலக்கோடி செல்ல வேண்டும். பிறகு இரண்டு தடங்களைத் தாண்டித் திரும்ப வேண்டும். பெரிய சரக்கு லாரிகள் வலக்கோடித் தடத்துக்குச் செல்வதைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே அவை அவருக்குப் பின்னே அடைபட்டுக் கிடக்கும். பொறுமை இழந்த சிலர் இடப்புறமாகவே அவரைக் கடக்க முயல்வர். அதனை விதிநூல் விலக்குகிறது. ஏனெனில், அவர் அந்நொடியில் இடப்புறம் திரும்பினால் மோதல் நேர்வது உறுதி. பெரும் பொருட்செலவில் அமைத்த மூன்று தடச் சாலை, ஒருவருடைய கவனமின்மையால் இரண்டு தடச் சாலையாகச் சுருங்கிவிடுகின்றது.

2013ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல், இத்தகைய கவனமற்ற ஓட்டத்துக்கு, வழக்கு மன்றத்துக்குச் செல்லாமலே 100 பவுன் அபராதமும் உரிமத்தில் 3 தண்டப் புள்ளிகளும் விதிக்கும் அதிகாரம் அந்நாட்டுக் காவலருக்குத் தரப்பட்டது. முன்வண்டியை ஒட்டி நெருக்கிச் செல்வோருக்கும் இதே தண்டனைதான்.

நெருக்கிச் செல்வதைப் பற்றியும் சில சொற்கள் கூற வேண்டும். மணிக்கு 70 மைல் விரைவில் செல்லும் கார், இடர் ஒன்றைக் கண்டபின் நிற்பதற்கு 96 மீட்டர் தொலைவு வேண்டும் என அவ்விதிநூல் கணக்கிடுகிறது. கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்குள்ளேயே வண்டி 21 மீட்டர் சென்றுவிடும். மிதித்த பின்னர் மேலும் 75 மீட்டர் சென்றே நிற்கும். இக்கணக்கை ஓடும் வண்டியில் அமர்ந்து அளந்து பார்த்தல் இயலாது. ஆதலால் எளிய முறை ஒன்றைக் கூறுகின்றனர். முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடக்கும்போது, ‘ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு’ என்று நிதானமாக எண்ணுக. எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அக்கம்பத்தை அடைந்துவிட்டால், நெருங்கிவிட்டீர்கள் என்பது பொருள். இரண்டு விநாடி இடைவெளியே மிகக் குறைந்த அளவு. மழையில் இதனை இரு மடங்காக்க வேண்டும். பனிக்கட்டி உறைந்த தரையில் பத்து மடங்கு வரை வேண்டியிருக்கும்.

‘இவ்வளவு இடம் விட்டால் இன்னொருவர் நடுவே புகுந்துவிடுவாரே!’ என்பர் சிலர். புகட்டும். விரைவைச் சிறிது தணித்து மீண்டும் இடைவெளி அமைத்துக்கொள்ளுங்கள். நாம் இழப்பது இரண்டொரு விநாடி, காப்பது உயிர். விரைவினால் நாம் பெறும் ஊதியத்தையும் சிறிது கணக்கிட்டுப் பாருங்கள். 20 மைல் தொலைவை மணிக்கு 70 மைல் வீதம் கடக்க ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும். சட்டத்தை மீறி 80 மைல் வீதம் சென்றால் 15 நிமிடம் ஆகும். இரண்டு நிமிடத்துக்காகவா தடம் மாறி மாறிப் பாய்ந்து, பத்துப் பேர் நெஞ்சைப் பதறச் செய்வது?

இடைவெளியின் அருமையை விளக்கும் சோதனை ஒன்றை ஜப்பானிய அறிஞர் யூகி சுகியாமாவும் அவருடைய குழுவினரும் நடத்தி, 2008இல் வெளியிட்டனர். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரும் மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் செல்லுமாறு கூறினர். அப்பாதையில் குறுக்கீடு இல்லை, பழுது இல்லை, விளக்கு இல்லை. முதலில் வண்டிகள் சீராகவே சென்றன. சிறிது நேரத்தில், ஒருவர் சற்றே தயங்க, பின்னால் வந்தவர் அதனினும் சற்று மிகுதியாகத் தணிக்க, அவருக்குப் பின்னவர் இன்னும் மிகுதியாகத் தணிக்க, இறுதியில் சில வண்டிகள் முற்றும் நின்றே போயின. அந்நெரிசல் ஓர் அலையைப் போலப் பின்னோக்கி நகர்ந்தது. வண்டிகள் செறிந்துவிட்ட பாதையில், காரணமின்றியே நெரிசல் பிறக்கும் என்பதை இச்சோதனை கண்ணுக்குக் காட்டியது. அங்ஙனமாயின், நெரிசலான விரைவுச் சாலையில் ஒருவர் திடீரெனத் தடம் மாறிப் பிறரைப் பிரேக் மிதிக்கச் செய்தால் என்னாகும்? அவர் முன்னே சென்றுவிடுவார். அவர் எழுப்பிய அலையில் பின்னே வருவோர் தேங்கி நிற்பர். தாம் செய்த தீங்கை அவர் காண்பதே இல்லை.

இதனால்தான், சாலையில் ஒருவர் கருத்தை மற்றவருக்கு முன்கூட்டி உணர்த்துவது கடமையாகிறது. தடம் மாறுவதற்கு முன் கண்ணாடியைப் பார்க்க வேண்டும்; கண்ணாடிக்குப் புலனாகாத பக்கத்தைத் தலைதிருப்பிப் பார்க்க வேண்டும்; இண்டிகேட்டர் விளக்கால் குறிப்புக் காட்ட வேண்டும்; பிறகே மெல்ல நகர வேண்டும். குறிப்புக் காட்டிவிட்டதாலேயே உரிமை வந்துவிட்டதாகக் கருதலாகாது. விளக்குக் காட்டுவது வேண்டுகோளேயன்றிக் கட்டளை அன்று. முகப்பு விளக்கை மினுக்குவதும் அத்தகையதே. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அறிவிப்பதற்கு மட்டுமே அது பயன்பட வேண்டும் என விதிநூல் கூறுகிறது. ‘விலகு, விலகு’ என்று அதட்டுவதற்கு அது கருவி ஆகாது.

விரைவுச் சாலையில் காணும் பிழைகளுள் பல, முந்தப்படுவதைத் தோல்வி என்று கருதும் மனத்திலிருந்து தோன்றுகின்றன. ஒருவர் நம்மைக் கடந்து சென்றால் நம் மதிப்புக் குறைவதில்லை. அவர் மருத்துவமனையில் இருக்கும் தாயைக் காண விரைபவராக இருக்கலாம். வெறும் அவசரக்காரராகவும் இருக்கலாம். அதனை ஆராய்ந்து தீர்ப்பளிக்கும் பொறுப்பு நமக்கு இல்லை. வரம்பு மீறுவோரைத் தண்டிப்பது காவலர் கடமை. ‘நான் 70இல் செல்கிறேன், எனக்குப் பின் வருபவன் ஏன் மிகுதியாகச் செல்ல வேண்டும்?’ என்று வலத்தடத்தை அடைத்துக்கொண்டு செல்பவர், சட்டத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு சாலையைக் கெடுக்கிறார்.

வழிவிடுதல் எத்துணைப் பெரிய அறம் என்பதை ஜெர்மானிய நாட்டு விரைவுச் சாலைகளில் காணலாம். அங்கே வண்டிகள் வலப்புறமாகச் செல்லும். போக்குவரத்துத் தேங்கி, நடைவேகத்துக்குத் தணிந்தவுடன், இடக்கோடித் தடத்தில் உள்ளோர் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும்; ஏனைய தடங்களில் உள்ளோர் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். நடுவே ஒரு வழி பிறக்கும். மீட்பு வண்டிகளுக்குரிய வழி அது. ஆம்புலன்ஸின் ஒலி கேட்ட பிறகு ஒதுங்கினால் போதாது. வண்டிகள் நெருங்கி நின்றுவிட்டால் ஒதுங்க இடம் ஏது? ஆகவே, ஒலி கேட்கும் முன்னரே வழி அமைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். சில கிலோமீட்டருக்கு அப்பால் குருதி சிந்திக் கிடப்பவர் யாரென அங்கு நிற்போருக்குத் தெரியாது. அவருக்காக ஆயிரம் பேர் ஒரு முழம் விலகி நிற்கின்றனர்.

நம் நாட்டிலும் பல தடச் சாலைகள் பெருகியுள்ளன. மும்பையையும் புனேயையும் இணைக்கும் ஆறு தட விரைவுச் சாலை 2002இல் முழுமை பெற்றது. அதன் பின்னர் இத்தகைய சாலைகள் பல வந்துள்ளன. 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளுக்கு மாற்றாக, 2017இல் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வெளியிடப்பட்டன. சாலையும் வந்துவிட்டது, விதியும் வந்துவிட்டது. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது பழக்கம் ஒன்றே. அப்பழக்கத்தை உண்டாக்கும் ஆற்றல் உங்களைப் போன்ற இளைஞரிடமே மிகுதியாக உண்டு.

நீங்கள் வண்டியோட்டக் கற்கும் நாளில், எந்திரத்தின் திறத்தை மட்டும் கற்காதீர்கள். உங்கள் பணி முடிந்த தடத்தைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இன்று நீங்கள் ஓட்டுநராக இல்லாமல், தந்தையின் காரிலோ நண்பரின் வண்டியிலோ அமர்ந்து செல்பவராக இருக்கலாம். அப்போதும், ‘இடத்தடம் காலியாக இருக்கிறதே, அங்கே செல்லலாமே’ என்று பணிவோடு நினைவூட்டலாம்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். அந்த வெள்ளைக் கோடு ஒரு தாளின் கனமும் இல்லாதது. எந்த வண்டியையும் அது தடுத்து நிறுத்தாது. ‘இவர் கோட்டை மதிப்பார்’ என்று ஒவ்வொருவரும் முன்பின் அறியாத மற்றவர்மீது வைக்கும் நம்பிக்கையே அவர்களைக் காக்கிறது. அந்நம்பிக்கைக்கு உரியவராக நாம் ஒவ்வொருவரும் நடந்துகொள்வோமாக.