ஒரே கதை, இரண்டு எழுத்து

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளை வளர்க்கும் தாய்தகப்பன்மாரையும் பாட்டா பாட்டிமாரையும் மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன். களியக்காவிளை, பனச்சமூடு, கொல்லங்கோடு என்று எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருப்பவர்களும் கேட்கலாம். சிறுவர்களுக்கான புதிய கதைப் புத்தகங்களைப் பற்றிய பேச்சு இது. படிக்கும்போது பிள்ளை சிரிக்க வேண்டும், படித்து முடித்தபின் வாழ்க்கையில் ஏதாவது ஒன்று அதற்குப் பிடிபட வேண்டும். அப்படிப்பட்ட புத்தகத்தை நம் ஊரில் இருந்துகொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம்.

நம் ஊரின் சிக்கல் அந்த எல்லைக்கோட்டில்தான் தொடங்குகிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் இன்று தமிழ்நாடு எனப்படும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அதனால் நிற்கவில்லை. சந்தைக்கும் திருவிழாவுக்கும் போய்வருவதும் நிற்கவில்லை. ஆனால் புத்தகம் நின்றுவிட்டது. வீட்டில் தமிழ் கேட்டு வளரும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் மலையாள எழுத்துப் படிக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பாட்டிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், மலையாள எழுத்து ஓடாது. பேரப்பிள்ளைக்கு மலையாளம் ஓடும், தமிழ் எழுத்து தெரியாது. ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் ஒரு புத்தகத்தைச் சேர்ந்து வாசிக்க முடியாத நிலை இது. நம் ஊரில் புத்தகம் தேடுகிறவர்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நல்ல புத்தகம் எப்படி இருக்கும் என்பதற்குக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1876-இல் நாகர்கோவில் பக்கம் தேரூரில் பிறந்தார். திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். 1954-இல், அந்த நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, திருவிதாங்கூர்-கொச்சி மண்ணில் கண்ணை மூடினார். தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் பாடுகிற, பசுவும் கன்றும் வருகிற அந்தப் பாட்டு இவருடையது. அதில் உபதேசம் என்று ஒரு வரி கிடையாது. பசு மேய்கிறது, கன்று துள்ளுகிறது, தாய் கூப்பிடுகிறது, கன்று ஓடிவந்து பால் குடிக்கிறது, அவ்வளவுதான். தாயின் அன்பு இன்னது என்று சொல்லாமலே பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. நல்ல சிறுவர் புத்தகத்துக்கு நான் வைத்திருக்கும் உரைகல் இந்தப் பாட்டுதான்.

ஏன் சொல்கிறேன் என்றால், கடையில் பளபளப்பான தாளில் அடுக்கி வைத்திருக்கும் நீதிக்கதைப் புத்தகங்கள் பல இதற்கு நேர் எதிரானவை. ஒரு பக்கம் கதை, கடைசியில் கட்டம் கட்டி நீதி. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கட்டத்தை விட்டுவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடுவார்கள். கதையில் நடக்கிற காரியத்தோடு பின்னிக் கிடக்காத நீதி மனத்தில் ஒட்டாது. விஷ்ணுசர்மா அரசகுமாரர்களுக்குச் சொன்னதாக வரும் பஞ்சதந்திரத்தில்கூட, குரங்கு முதலையிடமிருந்து தப்பித்த வழிதான் நமக்கு நினைவிருக்கிறதே தவிர, அதோடு வந்த சுலோகம் இல்லை.

இனி ஒரு புத்தகத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜப்பானியத் தொலைக்காட்சிக் கலைஞர் டெட்சுகோ குரோயானாகி 1981-இல் வெளியிட்ட ‘டோட்டோ-சான்’. நேஷனல் புக் டிரஸ்ட் அதைத் தமிழிலும் மலையாளத்திலும் கொண்டுவந்திருக்கிறது. அது இன்றைக்கு வந்த புத்தகம் இல்லைதான். வீட்டுக்குள் இதுவரை வராத புத்தகம் எதுவும் நம் பிள்ளைக்குப் புதியதுதான் என்பது என் எண்ணம்.

டோட்டோ-சான் சின்னப் பெண். வகுப்பில் மேசைப் பலகையைத் திறந்து திறந்து மூடுகிறாள், ஜன்னலருகே நின்று தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். தாய் அதை மகளிடம் சொல்லாமல் வேறொரு பள்ளிக்குக் கூட்டிப்போகிறாள். மகளுக்கு இருபது வயது தாண்டும்வரை சொல்லவே இல்லை. புதிய பள்ளியில் வகுப்பறைகள் எல்லாம் ஓடாத ரயில் பெட்டிகள். தலைமையாசிரியர் கோபயாஷி அவளை உட்காரவைத்து, சொல்ல வேண்டியதை எல்லாம் சொல் என்கிறார். ஏறக்குறைய நாலு மணி நேரம் அவள் பேசுகிறாள், கொட்டாவி விடாமல் கேட்கிறார்.

மதியச் சாப்பாட்டுக்கு அந்தப் பள்ளியில் ஒரு விதி உண்டு. டப்பாவில் கடலிலிருந்து ஏதாவது ஒன்று, மலையிலிருந்து ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் தலைமையாசிரியரின் மனைவி தன் பாத்திரத்திலிருந்து எடுத்து வைப்பார். பூவாறும் குளத்தூரும் கடலோரம், வெள்ளறடை மலையடிவாரம் என்று இருக்கிற நம் தாலுகாப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். இந்த இடத்தை வாசித்துக் காட்டிவிட்டு, உன் சோற்றுப் பாத்திரத்தில் கடல் எது, மலை எது என்று கேட்டுப் பாருங்கள். நெத்திலியும் மரச்சீனியும் பேச்சுக்கு வந்துவிடும்.

எனக்கு மிகப் பிடித்த இடம் வேறு. டோட்டோ-சானின் பணப்பை கழிப்பறைக் குழிக்குள் விழுந்துவிடுகிறது. அவள் பெரிய அகப்பை ஒன்றைக் கொண்டுவந்து அள்ளி அள்ளி வெளியே போட்டுத் தேடுகிறாள். குவியல் உயர்கிறது. அந்த வழியே வந்த தலைமையாசிரியர் திட்டவில்லை, உதவிக்கும் போகவில்லை. தேடி முடித்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். பை கிடைக்கவில்லை. அவள் அள்ளியதை எல்லாம் திரும்பப் போடுகிறாள். பிள்ளைகள் இந்த இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பொறுப்பு என்றால் என்ன, ஒருவரை நம்புவது என்றால் என்ன என்பதும் அந்தச் சிரிப்போடேயே உள்ளே போய்விடுகிறது. விளையாட்டு விழாவில், கைகால் வளர்ச்சி குன்றிய தகஹாஷி என்ற பையன் ஜெயிக்கும்படியாகவே போட்டிகள் அமைந்திருப்பதும் அப்படித்தான்.

நம் காலத்துத் தமிழ் எழுத்தாளர்களும் இந்த வழியில் நன்றாகவே நடக்கிறார்கள். சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் தருகிறது. 2020-இல் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ அதைப் பெற்றது. பெரியவர்கள் பிள்ளைகளிடம் தகாத முறையில் நடந்துகொண்டால் என்ன செய்வது என்பதுதான் அதன் உட்பொருள். எத்தனையோ பெற்றோருக்கு இந்தப் பேச்சை எடுக்க நா எழாது. பேசுகிற மரப்பாச்சிப் பொம்மை ஒன்று அந்த வேலையை, பிள்ளையைப் பயமுறுத்தாமல், செய்துவிடுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய புத்தகம் என்று நான் துணிந்து சொல்வேன். இரா. நடராசனின் ‘ஆயிஷா’ நெஞ்சைப் பிழியும் கதை. கேள்வி கேட்டதற்காக அடிபடும் ஒரு மாணவியைப் பற்றியது. அதைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளையும் அதற்குப் பாடம் சொல்லும் ஆசிரியரும் சேர்ந்து வாசிக்கட்டும்.

எல்லையோரத்துக்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2023-இல் கீழடியை மையமாகக் கொண்ட ‘ஆதனின் பொம்மை’க்காக உதயசங்கரும், 2024-இல் ‘தன்வியின் பிறந்தநாள்’ நூலுக்காக யூமா வாசுகியும் பால சாகித்திய புரஸ்காரைப் பெற்றார்கள். ஒருவர் கோவில்பட்டிக்காரர், மற்றவர் பட்டுக்கோட்டைக்காரர். இருவருமே மலையாளத்திலிருந்து சிறுவர் நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள். ‘கசாக்கின் இதிகாசம்’ மொழிபெயர்ப்புக்காக யூமா வாசுகி அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருதும் பெற்றிருக்கிறார். இன்றைய தமிழ்ச் சிறுவர் எழுத்துக்கு மலையாளத்திலிருந்தும் ஊட்டம் போயிருக்கிறது என்பதே இதற்குப் பொருள். தூரத்து ஊர்க்காரர்கள் மலையாளத்தை முயன்று கற்றுச் சேர்த்துக்கொண்ட இரண்டு மொழியும் நம் பிள்ளைகளுக்கு மூன்று வயதிலேயே காதில் விழுந்துவிடுகிறது. அந்தச் செல்வத்தை வீணாக விடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

கேரளத்தில் சிறுவர் வாசிப்புக்கு அமைப்பும் குறைவில்லை. சாஸ்திர சாகித்ய பரிஷத் 1970-இல் தொடங்கிய ‘யுரேகா’ பிள்ளைகளுக்கு அறிவியலைக் கதையாகச் சொல்கிறது. திருவனந்தபுரத்தில் 1981 முதல் பால சாகித்ய இன்ஸ்டிட்யூட் இயங்குகிறது, ‘தளிரு’ என்ற மாத இதழும் நடத்துகிறது. சுமங்கலாவின் ‘நெய்ப்பாயசம்’, ‘மிட்டாயிப்பொடி’ போன்ற கதைகள் தலைமுறை தாண்டி நிற்கின்றன. பி. என். பணிக்கர் ஊர் ஊராக நடந்து வளர்த்த கிரந்தசாலை இயக்கத்தால் கிராமத்துக்குக் கிராமம் வாயனசாலை என்ற நூலகம் இருக்கிறது, அதில் பிள்ளைகளுக்கென்று பாலவேதி என்ற பிரிவும் இருக்கிறது. தமிழ்நாட்டில் புதிய எழுத்து நிறைய வருகிறது, அது பாறசாலைக்கு வந்து சேர்வதில்லை. இங்கே வாயனசாலை இருக்கிறது, அதன் அலமாரியில் தமிழ் இல்லை.

ஆகவே ஒரே கதையை இரண்டு எழுத்திலும் தேடுங்கள் என்பது என் யோசனை. சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் படக்கதைப் புத்தகங்களைத் தமிழ், மலையாளம் உள்ளிட்ட பல மொழிகளில் அதே படங்களோடு வெளியிடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் 2015 முதல் ஏராளமான கதைகள் காசில்லாமல் கிடைக்கின்றன. போனிலேயே படிக்கலாம், வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நிலை பிரித்தும் வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் புத்தகம் பாட்டியின் கையில், மலையாளப் புத்தகம் பிள்ளையின் கையில். ஒரு பக்கம் பாட்டி வாசிக்கட்டும், அடுத்த பக்கம் பிள்ளை வாசிக்கட்டும். படம் ஒன்றாகவே இருப்பதால் கதை அறுந்துபோகாது. நாள்பட நாள்பட, பாட்டி விரல் வைக்கும் எழுத்து என்ன என்று பிள்ளை எட்டிப்பார்க்கும். அப்போது சொல்லிக்கொடுங்கள், முன்கூட்டியே வேண்டாம்.

வாங்குவதற்கு முன் இரண்டு பக்கம் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மேடைப்பேச்சுத் தமிழில் நாக்கு தடுக்கினால் வைத்துவிடுங்கள். வாசித்து முடித்தபின் என்ன கற்றுக்கொண்டாய் என்று பரீட்சை வைக்காதீர்கள். மறுநாள் அதே கதையைக் கேட்டு வந்தால் போதும்.

வாயனசாலைக் கமிட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புத்தகம் வாங்கப் பட்டியல் போடும்போது, பாலவேதிக்கென்று கொஞ்சம் தமிழ்ப் புத்தகமும் எழுதுங்கள். டோட்டோ-சானை இரண்டு மொழியிலும் வாங்குங்கள், மரப்பாச்சியையும் ஆதனின் பொம்மையையும் சேருங்கள். தமிழை இங்கே யார் எடுத்து வாசிப்பார்கள் என்று கூட்டத்தில் கேள்வி வந்தால், உங்கள் வீட்டுப் பாட்டியின் பெயரில் ஒரு மெம்பர்ஷிப் எடுத்துவிடுங்கள்.