சளிச் சோதனை அறிக்கையை வாசிப்பது எப்படி?



சிங்கப்பூரில் நம்மில் மூத்தவர்களுக்கு டான் டோக் செங் மருத்துவமனை என்றாலே டிபி, அதாவது காசநோய், ஆஸ்பத்திரிதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பல ஆண்டுகள் அது அப்படித்தான் இயங்கியது. டிபி பற்றிய அச்சம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. சளிச் சோதனையில் 'ஏஎஃப்பி பாசிட்டிவ்' என்று வந்துவிட்டால் போதும், தாத்தாவின் தட்டும் டம்ளரும் தனியாகிவிடும்.

ஆய்வகத்தில் சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். பிறகு அமிலத்தால் கழுவுகிறார்கள். மெழுகு போன்ற கொழுப்பு உறை இருப்பதால் மைக்கோபாக்டீரியாக்கள் என்ற கிருமிகள் சிவப்பை விடுவதில்லை. ஏஎஃப்பி என்றால் அவ்வளவே. அது டிபி கிருமியா, அதன் உறவுக் கிருமியா என்று நுண்ணோக்கி சொல்லாது. மரபணுச் சோதனையோ, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரோதான் சொல்லும்.

டிபி, தொழுநோய்க் கிருமிகள் நீங்கலான மற்ற மைக்கோபாக்டீரியாக்களை 'என்டிஎம்' என்கிறார்கள். மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் ஷவரிலும் வாழ்பவை. இவை டிபியைப் போல இருமலில் வீட்டாருக்குப் பரவுவதில்லை. என்டிஎம் என்ற பெயரைக் 'காசநோய் சாராத' கிருமி என்று விளக்கும்போது நோயாளியின் காதில் 'காசநோய்' மட்டும் விழுவதுதான் என் வருத்தம்.

பல நாடுகளில் என்டிஎம்களில் முன்னிற்பது ஏவியம் தொகுதி, அதாவது 'மேக்'. சிங்கப்பூர் மருத்துவமனை ஆய்வுகளிலோ அப்செசஸ் என்ற இனம் முந்தியிருக்கிறது. 1959இல் ரன்யன் என்ற ஆய்வாளர் வகுத்த பிரிவில் இது 'வேகமாக வளர்வது'. ஆய்வகத் தட்டில் ஏழு நாளுக்குள் தெரிந்துவிடும் என்பதே பொருள். நுரையீரலில் நோய் வேகமாக முற்றும் என்று கலங்க வேண்டாம். அப்செசஸுக்குள்ளும் மூன்று துணையினங்கள் உண்டு. மாசிலியென்ஸ் என்றால் அசித்ரோமைசின் மருந்து பெரும்பாலும் கேட்கும். மற்ற இரண்டிலும் அந்த மருந்தைத் தடுக்கும் மரபணு பெரும்பாலும் செயல்படுவதால் சிகிச்சை கடினம். ஆகவே துணையினப் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

கிருமி தென்பட்டாலே நோய் என்றும் ஆகாது. அறிகுறியும் ஸ்கேன் மாற்றமும் இருந்து, தனித்தனியாக எடுத்த இரு சளி மாதிரிகளில் ஒரே கிருமி வளர வேண்டும் என்பது என்டிஎம் நுரையீரல் நோய்க்கான 2020 சர்வதேச வழிகாட்டியின் அளவுகோல். அது நிறைவேறினாலும் சிலருக்கு மருந்தின்றிக் கண்காணிப்பதே நல்லது.

மருந்து தொடங்கியவர்களை அதிகம் மனமுடைய வைப்பது 'ஒரு வருடம்' என்ற கணக்குதான். மேக் நோய்க்கு அந்த 12 மாதங்கள் முதல் மாத்திரையிலிருந்து ஓடுவதில்லை. 'கல்ச்சர் கன்வர்ஷன்' ஆன நாளிலிருந்து ஓடுகின்றன. குறைந்தது நான்கு வார இடைவெளியில் எடுத்த மூன்று மாதிரிகள் தொடர்ந்து நெகட்டிவாக வந்தால், முதல் மாதிரி எடுத்த தேதியே அந்த நாள். அந்தத் தேதியை மருந்து அட்டையிலேயே எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.