அறியாமல் தந்த காயம்



யூபிலி என்றதும் பந்தலும் கொடியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் லேவியர் நூல் 25-ஆம் அதிகாரத்தின்படி, யூபிலி எக்காளம் ஊத வேண்டிய நாள் பாவக்கழுவாய் நாள். ஒப்புரவோடுதான் யூபிலி தொடங்குகிறது. அதே நூலின் 4-ஆம் அதிகாரம், அறியாமல் செய்த பிழைக்கும் பரிகாரம் கேட்கிறது.

நாமோ, "வேண்டுமென்றா சொன்னோம்?" என்று கேட்டு நகர்ந்துவிடுகிறோம். திருமணமாகிச் சில ஆண்டுகளான பெண்ணிடம், பலர் முன்னிலையில், "விசேஷம் ஏதும் உண்டா?" என்கிறோம். நாம் நலம் விசாரித்தோம். அவளோ அன்றிரவு உறங்கவில்லை.

நம் மலையிலே ஏலச்செடி பூப்பதைப் பாருங்கள். பூவும் காயும் அடித்தூரிலிருந்து கிளம்பும் சரங்களில், தரையை ஒட்டியே கிடக்கும். காய் பறிப்பவர் காலைப் பார்த்து வைக்காவிட்டால் பூ மிதிபடும். மிதித்தவர் நல்லவரே, ஆனாலும் மிதிபட்ட பூ காயாவதில்லை.

கூடலூருக்கு மேலே, மலை உச்சியில் கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமியன்று நம் மாவட்டத்தார் திரளாக ஏறிச் செல்கிறார்கள். சிலப்பதிகாரத்துப் பாண்டியன், கோவலனை நிரபராதி என்று அறிந்து கொல்லவில்லை. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது, பொற்கொல்லன் பேச்சை நம்பியதே தன் குற்றம் என்று ஏற்றான். ஆனால் கோவலன் திரும்பவில்லை, மதுரையும் எரிந்தது. விசாரிக்க வேண்டிய நேரத்தில் விசாரிக்காததன் விலை அது.

நமக்கோ இன்னும் நேரம் இருக்கிறது. மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர், சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். தவறு தெரிந்து செய்ததா, தெரியாமல் செய்ததா என்று அவர் பிரிக்கவில்லை.

போனால் முதலில் கேட்போம். நம் நல்லெண்ணத்தை விளக்குவதற்கு அவசரப்பட வேண்டாம். வலியை அவர் சொல்லி முடிக்கட்டும். "வருத்தப்பட்டிருந்தால் மன்னியுங்கள்" என்று சொல்லாமல், "வருத்தம் தந்துவிட்டேன், மன்னியுங்கள்" என்போம். நாலு பேர் முன் சொன்ன சொல்லுக்கு நாலு பேர் முன்னேயே மன்னிப்புக் கேட்பது முறை. உடனே முகம் மலராவிட்டால் கோபிக்க வேண்டாம். ஆறுவதற்கு நாள் பிடிக்கும். காயம்பட்டவர்களும் மனதுக்குள் பூட்டி வைக்காமல், "இது எனக்கு வலித்தது" என்று வாய் திறந்து சொன்னால், நம் வேலை பாதி எளிதாகும்.

யூபிலித் திருப்பலிக்கு இன்னும் நாட்கள் உள்ளன. கோயில் வாசலை மிதிக்குமுன், ஒவ்வொருவரும் ஒரு வீட்டு வாசலை மிதித்து வருவோம். அதற்கான மனத்தாழ்மையை ஆண்டவர் நமக்கு அருள்வாராக. ஆமென்.