பானையும் தீர்மானப் புத்தகமும்

நாகரசம்பட்டியில் கூடியிருக்கும் இக்கருத்தரங்குக்குத் தலைமை ஏற்பது பெருமைதான். தலைப்பின் அகலத்தைப் பார்த்தால் கொஞ்சம் நடுக்கமும் வருகிறது. 'பழங்குடிக் கூட்டுறவும் நீடித்த ஊர் வளர்ச்சியும்' என்பதில் பின்பாதியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒருபக்கம் ஓசூர், போச்சம்பள்ளி சிப்காட்டுகள், மறுபக்கம் அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் மலையூர்கள் என்று இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டமே அதற்கு முன்னுரை எழுதி வைத்திருக்கிறது. நான் எடுத்துக்கொள்வது ஒரு பழைய வழக்கு. பழங்குடிச் சங்கங்கள் நொடித்துப்போவதற்கு உறுப்பினர்களின் விழிப்புணர்வுக் குறைவே காரணம் என்று நம் துறை மூத்தவர்கள் சிலர் நெடுங்காலமாக எழுதிவருகிறார்கள். அவர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. அந்த முடிவின்மீது இல்லை.

பிரடெரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் கூட்டுறவுக் கடன் பற்றிச் சென்னை மாகாண அரசுக்குத் தந்த அறிக்கையை எல்லோரும் அடிக்குறிப்பில் காட்டுகிறோம்; பிரித்துப் படிப்பவர்கள் குறைவு. ஜெர்மனியின் ஊரகக் கடன் கூட்டுறவு முன்னோடி ரைஃபைசனைப் போன்றவரைத் தேடச் சொன்ன அதன் முடிவு மட்டும் புகழ்பெற்றுவிட்டது. அதே அறிக்கை இங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த 'நிதி' எனும் சேமிப்பு-கடன் அமைப்புகளையும் விரிவாக ஆராய்கிறது என்பதை மறந்துவிட்டோம். 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் நிதிக்கு எந்தப் பதிவாளரும் வந்து விழிப்புணர்வு ஊட்டவில்லை. ஒருவர் குணம் இன்னொருவருக்குத் தெரிந்த வட்டத்தில் பணம் புழங்கியது, அவ்வளவுதான். 1904 கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது, திரூரில் முதல் கடன் சங்கம் எழுந்தது. அதோடு கூட்டுறவின் நடுவே பதிவாளரும் வந்து அமர்ந்தார். நான் நிக்கல்சனை வளைத்துப் படிக்கிறேன் என்று முன்பொரு மதிப்புரை சொன்னது. இருக்கலாம், நிதிகளைப் பற்றிய பக்கங்களை மதிப்புரையாளரும் ஒருமுறை புரட்டியிருக்கலாம்.

மலைப்பகுதியின் 'லேம்ப்ஸ்' எனும் பெரும் பல்நோக்குப் பழங்குடிக் கூட்டுறவுச் சங்கங்களை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். 1970-களில் மத்திய அரசின் பாவா குழுவின் பரிந்துரையால் பிறந்தவை அவை. தேனும் கடுக்காயும் புளியும் சீயக்காயும் வாங்குவதும் கடன் தருவதும் ஒரே கூரையின்கீழ் நடக்கும் என்பது திட்டம். கூரை வந்தது. ஆனால் தமிழ்நாட்டில் 1976-இல் கலைக்கப்பட்ட கூட்டுறவு நிர்வாகக் குழுக்களுக்கு 1996 வரை தேர்தலே இல்லை. இருபது ஆண்டுகள் தனி அலுவலர் கையெழுத்தில் ஓடிய சங்கத்தில் உறுப்பினருக்கு ஈடுபாடு இல்லை என்று ஆய்வு சொன்னால், அது எதை அளந்தது? தராசு முள்ளையும் விலைப் பட்டியலையும் மட்டும் காட்டிவிட்டு, முடிவெடுக்கும் திறன் ஏன் வளரவில்லை என்று கேட்கிறோம்.

இதற்கு நேர் எதிரான சான்று மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றபோது, பாம்பு பிடிக்கும் பழங்குடிகளான இருளர்களின் பிழைப்பு அறுந்தது. பாம்பியல் அறிஞர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் துணியால் வாய்கட்டிய மண்பானைகளில் சில வாரம் இருக்கும். வாரம் ஒருமுறை நஞ்சு எடுப்பார்கள். பிறகு காட்டில் விட்டுவிடுவார்கள். விடுவதற்குமுன் வயிற்றுச் செதிளில் சிறு வெட்டு ஒன்று. அண்மையில் நஞ்சு எடுத்த பாம்பு மறுபடி கையில் சிக்கினால் அந்த வெட்டே அடையாளம், அதைத் தொடமாட்டார்கள். நீடித்த பயன்பாடு என்று நாம் கட்டுரைகளில் பக்கம் பக்கமாகத் தேடுவது அந்தச் செதிளில் இருக்கிறது. இந்தியாவின் நச்சுமுறி மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு இங்கிருந்தே செல்கிறது. இருளரின் முதலீடு பங்குத்தொகை அல்ல, தடம் பார்க்கும் கண். சங்கம் அந்தக் கண்ணைச் சுற்றிக் கட்டப்பட்டது; லேம்ப்ஸ் கிடங்கைச் சுற்றிக் கட்டப்பட்டது.

மறுப்புகள் உண்டு. சில நூறு உறுப்பினர் கொண்ட அபூர்வத் தொழில் எப்படி முன்மாதிரியாகும் என்பார்கள். தொழிலை நகலெடுக்கச் சொல்லவில்லை. யார் அறிவு மூலதனமோ அவர் கையில் விதி இருக்கட்டும் என்கிறேன். அந்தச் சங்கத்திலும் அரசு அதிகாரி இருக்கிறாரே, எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறைதானே எண்ணிச் சொல்கிறது என்பது இதைவிடக் கனமான மறுப்பு. ஒப்புக்கொள்கிறேன். அனுமதி வராத மாதத்தில் பானைகள் காலியாக இருக்கும். அது என் வாதத்துக்கு எதிரானதல்ல. விதி வெளியார் கைக்குப் போகும் இடத்தில் சங்கம் பலவீனப்படுகிறது என்பதைத்தான் அதுவும் காட்டுகிறது. வெளியார் துணையின்றி எதுவும் முளைக்காது என்பாரும் உண்டு. மெக்சிகோவின் சியாபாஸில் சோட்சில் மாயர்களின் 'மாயா வினிக்' காப்பிச் சங்கம் 1999-இல்தான் அமைந்தது. ஆனால் அதை அமைத்தவர்கள் 'லாஸ் அபேஹாஸ்' என்ற பெயரில் 1992-லேயே ஒன்றுசேர்ந்தவர்கள். 1997-இல் அக்தியால் படுகொலையில் தம்மவர் 45 பேரைப் பறிகொடுத்தவர்கள். காப்பி வாங்க அயல்நாட்டார் வந்தார்கள், உண்மைதான். கூடியிருந்தவர்களிடம்தான் வந்தார்கள்.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருளைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை தந்துவிட்டது. ஆகவே புளிக்கும் தேனுக்கும் விலை சொல்லும் இடம் கிராம சபையாகவே இருக்க வேண்டும். சங்கம் அதன் விற்பனைக் கையாக இருந்தால் போதும். பிற்பகல் அமர்வில் லேம்ப்ஸ் பற்றிய கட்டுரைகளைப் படிக்கப்போகும் நண்பர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: விற்றுமுதல் அட்டவணையைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. கடைசியாக விலை நிர்ணயித்த தீர்மானம் எந்த ஊரில் எழுதப்பட்டது, அதன் கீழே கைநாட்டும் கையெழுத்தும் யாருடையவை என்று மட்டும் கேட்பேன்.