ஏழாண்டுச் சான்றும் மாறும் மருந்தும்



தீவிர சிகிச்சைப் பிரிவில் எழுபது கிலோ எடையுள்ள ஒரு நோயாளி. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கிராம் வான்கோமைசின் ஏறுகிறது. அடுத்த டோஸுக்குச் சற்று முன்பு எடுத்த ரத்தத்தில் மருந்தின் அளவு லிட்டருக்கு 11 மில்லிகிராம். 2009-இல் அமெரிக்காவின் மருத்துவமனை மருந்தாளுநர் சங்கமும் தொற்றுநோய் மருத்துவர் சங்கமும் பிறரோடு சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இப்படிப்பட்ட கடுமையான தொற்றில் அந்த எண் 15-க்கும் 20-க்கும் இடையில் இருக்க வேண்டும். அதைக் கருத்தாகப் படித்துச் சிறப்புச் சான்று பெற்ற மருந்தாளுநர் என்ன சொல்வார்? டோஸை ஒன்றரை கிராமாக உயர்த்தச் சொல்வார். மறுமுறை எடுக்கும் ரத்தத்தில் எண் 16-ஐத் தாண்டியிருக்கும். மனநிறைவோடு குறிப்பு எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவார்.

ஆனால் 2020 மார்ச்சில் அதே சங்கங்கள் அந்தப் பாடத்தைத் திருத்திவிட்டன. டோஸுக்கு முந்தைய ஒற்றை எண்ணை மட்டும் துரத்த வேண்டாம், 24 மணி நேரத்தில் உடல் சந்திக்கும் மருந்தின் மொத்த அளவைக் கணக்கிடுங்கள், அது 400-க்கும் 600-க்கும் இடையில் இருக்கட்டும் என்றன. மேலே சொன்ன நோயாளிக்கு மருந்து ஏறிய பிறகு ஒன்று, அடுத்த டோஸுக்கு முன்பு ஒன்று என இரண்டு ரத்த மாதிரிகளை எடுத்துக் கணக்குப் போட்டால், பழைய டோஸிலேயே மொத்தம் சுமார் 450 வரக்கூடும். அதுவே போதுமானது. ஒன்றரை கிராமாக உயர்த்தினால் 675 ஆகிவிடும். சிறுநீரகம் பாதிக்கப்படும் வாய்ப்பு கூடும்.

அந்த மருந்தாளுநர் சோம்பேறி அல்லர், அரைகுறையாகப் படித்தவரும் அல்லர். சரியாகப் படித்ததைச் சரியாகவே செய்தார். படித்த பிறகு பாடம் மாறியது, அந்தச் செய்தி அவரை எட்டவில்லை. சிறப்புச் சான்றைத் தக்கவைப்பது பற்றிய இந்த மாநாட்டின் முதல் கேள்வி இங்கேதான் இருக்க வேண்டும் என்பது இந்தத் தலைமை உரையின் வாதம். தொடர் கல்வி என்றால் தெரிந்ததன்மேல் புதிதாகச் சேர்ப்பது என்றே பெரும்பாலும் எண்ணப்படுகிறது. நோயாளிக்கு அதைவிட முக்கியமானது, காலாவதியான பாடத்தைக் கண்டுபிடித்துக் கழற்றுவது.

சிறப்புச் சான்றுக்கான ஏற்பாடுகள் அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடந்துவருகின்றன. மருந்தியல் சிறப்புத் துறைகளுக்கான வாரியம் அங்கே 1976-இல் தொடங்கியது. அது முதலில் ஏற்ற துறை அணுமருந்தியல், ஆண்டு 1978. பிறகு ஊட்டச்சத்து ஆதரவு, மருந்துச் சிகிச்சை, மனநலம், புற்றுநோய், தீவிர சிகிச்சை, குழந்தைகள் நலம், இதயநோய், தொற்றுநோய் என்று பட்டியல் நீண்டது. இன்று சான்று பெற்றவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். சான்றின் ஆயுள் ஏழு ஆண்டுகள். அதைப் புதுப்பிக்க மறுபடி தேர்வு எழுதுவது ஒரு வழி. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் நடத்தும் பாடங்களை முடித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் வரும் தேர்வில் தேறுவது இன்னொரு வழி. நெடுங்காலமாகப் பல துறைகளில் இதற்கு நூறு மணி என்பதே பழகிய கணக்கு. உரிமத்தைப் புதுப்பிக்கத் தேவைப்படும் சாதாரணத் தொடர் கல்வி இதில் சேராது. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு 30 மணி கேட்கின்றன; அது தனிக்கணக்கு.

அணுமருந்தியல் முதலில் வந்ததில் பொருத்தம் இருக்கிறது. அங்கே வேலையே கடிகாரத்தோடுதான். மாலிப்டினம்-99 இருக்கும் கலத்திலிருந்து கறந்தெடுக்கும் டெக்னீஷியம்-99எம்-இன் அரை ஆயுள் ஆறு மணி நேரம். காலையில் நிரப்பிய ஊசி மதியத்துக்குள் பாதி வலுவை இழந்துவிடும் என்பது அந்தத் துறையினருக்குக் கைப்பழக்கம். அவர்களுக்கே 2018-இல் பெரிய திருப்பம் வந்தது. லுட்டீஷியம்-177 கலந்த மருந்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. 2022-இல் புராஸ்டேட் புற்றுநோய்க்கு இன்னொன்று வந்தது. இந்த ஐசோடோப்பின் அரை ஆயுள் ஆறரை நாளுக்கும் மேல். பெரும்பாலும் படம் எடுக்க உதவிவந்த துறை நோயைத் தீர்ப்பதிலும் பெரிதாக இறங்கியபோது, பாதுகாப்பு, கழிவு, நோயாளிக்குச் சொல்லும் அறிவுரை எல்லாவற்றையும் திரும்பக் கற்க வேண்டியதாயிற்று.

தனக்கு எது தெரியாது என்பது ஒருவருக்குத் தானாகத் தெரிந்துவிடுமா? 2006-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் டேவ் டேவிஸும் சக ஆய்வாளர்களும் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். மருத்துவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்ட மதிப்பெண்ணையும் வெளியார் அளந்த மதிப்பெண்ணையும் வைத்துச் செய்த ஒப்பீடுகள் அதில் 20. அவற்றில் 13-இல் இரண்டுக்கும் பொருத்தமே இல்லை, அல்லது மிகக் குறைவு, அல்லது நேர்மாறு. அதற்கு முந்தைய ஆண்டு நிதீஷ் சௌத்ரியும் பிறரும் 62 ஆய்வு மதிப்பீடுகளைத் தொகுத்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில், அனுபவ ஆண்டுகள் கூடக் கூட அளந்த எல்லா அளவுகோல்களிலும் மருத்துவர்களின் செயல்பாடு இறங்கியிருந்தது. இவை மருத்துவர்களைப் பற்றியவை. மருந்தாளுநர்கள் வேறு மண்ணில் செய்யப்பட்டவர்கள் என்று நம்பக் காரணம் எதுவும் இல்லை.

ஆகவே மணிக்கணக்கு மட்டும் காப்பாற்றாது. விருப்பம்போல் பாடம் எடுக்க விட்டால், புற்றுநோய்ப் பிரிவில் இருப்பவர் தான் தினமும் பார்க்கும் மார்பகப் புற்றுநோய் மருந்துகளைப் பற்றியே மேலும் கேட்பார். எப்போதாவது வரும் லிம்போமா நோயாளிக்கான பாடத்தைத் தள்ளிப்போடுவார். இது மனித இயல்பு, குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் தவறு நடக்கக் காத்திருப்பது அந்த அரிய நோயாளியிடம்தான். கருத்தரங்குகளாலும் பட்டறைகளாலும் சிகிச்சை நடைமுறை எவ்வளவு மாறுகிறது என்று 2009-இல் காக்ரேன் அமைப்பு திரட்டிப் பார்த்தது. நடுத்தர அளவு 6 சதவீதம். சிறியதுதான், ஆனால் பொய்யல்ல. வெறும் சொற்பொழிவைவிடச் சொற்பொழிவும் பயிற்சியும் கலந்த கூட்டங்கள் கூடுதல் பலன் தந்ததாகவும் அது கண்டது.

சான்றைப் புதுப்பிக்கும் விதிகள் மக்களை எப்படிச் சலிக்கவைக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்க உள்மருத்துவ வாரியம் 2014-இல் மருத்துவர்களுக்கான விதிகளை இறுக்கியது. எதிர்ப்பு பெருகியது. 2015 பிப்ரவரியில் வாரியமே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சில நிபந்தனைகளை நிறுத்திவைத்தது. அதே காலத்தில் மயக்கவியல் வாரியம் வேறு வழியில் போனது. பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த பெரிய தேர்வை எடுத்துவிட்டு, காலாண்டுக்கு 30 கேள்விகள் என்று பிரித்துக் கொடுத்தது. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். விடை அளித்தவுடன் விளக்கம் திரையில் வந்துவிடும். பழைய பாடத்தைக் கழற்ற இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. தவறிய அந்த நொடியில்தான் மனம் திருத்தத்தை ஏற்கும்.

கழற்ற வேண்டியவை குறைவாக இல்லை. ஆரோக்கியமான முதியவருக்கு மாரடைப்பைத் தடுக்க ஆஸ்பிரின் நல்லது என்பது ஒரு தலைமுறையின் பாடம். 2018-இல் வந்த பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு அது தளர்ந்தது. 2022-இல் அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு, அறுபது வயதிலோ அதற்கு மேலோ முதன்முறையாக அதைத் தொடங்க வேண்டாம் என்றது. குறைப்பிரசவத்தைத் தடுக்க 2011-இல் அனுமதி பெற்ற மகேனா என்ற ஊசியில் பலன் தெளிவாகவில்லை என்று 2023 ஏப்ரலில் அனுமதியே ரத்தானது. மறுபக்கம், சர்க்கரை நோய்க்கென்று வந்த டபாக்ளிஃப்ளோசின் 2020-இல் இதயச் செயலிழப்புக்கும் அனுமதி பெற்றது. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும்கூட. 2015-இல் சான்று வாங்கியவருக்கு இவை எல்லாம் ஏழாண்டுச் சுற்று ஒன்றுக்குள்ளோ அதையொட்டியோ நடந்தவை.

இந்தியாவில் படித்த மருந்தாளுநருக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. செல்லுபடியாகும் உரிமம் உள்ளவர், பணி அனுபவ நிபந்தனையையும் நிறைவு செய்தால், அமெரிக்காவில் வேலை பார்க்காமலே மருந்தியல் சிறப்புத் துறைகளுக்கான வாரியத்தின் சான்றுத் தேர்வுக்கு அமரலாம். 2008-இல் ஃபார்ம்.டி. படிப்பு வந்த பிறகு, வார்டுக்குள் நின்று டோஸ் திருத்தும் இளைஞர்கள் தமிழ்நாட்டிலும் பெருகியிருக்கிறார்கள். இந்திய மருந்தியல் குழுமத்தின் 2015-ஆம் ஆண்டு நடைமுறை ஒழுங்குமுறைகள் ஐந்தாண்டுக்குள் குறைந்தது இரண்டு ஒருநாள் புத்தாக்கப் பயிற்சிகளைக் கேட்கின்றன. தொடக்கம் என்ற அளவில் அதை வரவேற்க வேண்டும். ஆனால் ஐந்தாண்டுக்கு இரண்டு நாள் என்பது, வான்கோமைசின் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பழகவே போதாது.

அடுத்து வரும் அமர்வுகளில் கட்டுரை வாசிக்க இருப்போருக்கு ஒரு வேண்டுகோள். புதிய மருந்தைப் பற்றிச் சொல்லும்போது, அது வந்ததால் எந்தப் பழைய வழக்கம் நிற்க வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். அமர்வின் முடிவில் அதைச் சோதிக்கும் கேள்விகள் சிலவாவது இருக்கட்டும். விடைகளைச் சேர்த்து, மூன்று மாதம் கழித்து அதே கேள்விகளைத் திருப்பி அனுப்பும் பொறுப்பை அமைப்புக் குழு ஏற்க வேண்டும். மருத்துவமனை நிர்வாகிகளும் இங்கே வந்திருக்கிறார்கள். இரவுப் பணி முடித்து, வீட்டு வேலையும் முடித்து, பதினொரு மணிக்குக் கைபேசியில் பாடம் கேட்கும் மருந்தாளுநரிடம் கழற்றுவதற்கும் சேர்ப்பதற்கும் மனம் மிச்சமிருக்காது. பணி அட்டவணையிலேயே மாதம் இத்தனை மணி படிப்புக்கு என்று ஒதுக்குவது பற்றி, நாளைய நிர்வாக அமர்வில் அவர்கள் பேச வேண்டும்.