சுழலும் கற்றையின் சுருதி



பிரான்சும் ஸ்விட்சர்லாந்தும் சந்திக்கும் எல்லையில், ஜினீவா நகருக்கு அருகே, நிலத்தின் அடியில் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம் ஒன்று அமைந்திருக்கிறது. 'செர்ன்' என்னும் ஐரோப்பிய ஆராய்ச்சி நிலையம் அமைத்த அவ்வளையத்தில், 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் முதன்முதலாகப் புரோட்டான் கற்றை சுற்றி வந்தது. 2012-இல் ஹிக்ஸ் துகள் கண்டறியப்பட்டதும் இங்கேதான். அக்கண்டுபிடிப்பைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அதற்கும் முன்னே நிற்கும் ஒரு கேள்வி. கோடானுகோடிப் புரோட்டான்களைப் பல மணி நேரம், குழாயின் சுவரில் மோதாமல், சுற்றிவரச் செய்வது எங்ஙனம்?

ஒளியின் வேகத்தை ஏறக்குறைய எட்டிவிட்ட புரோட்டான் அவ்வளையத்தை நொடிக்கு 11,245 முறை சுற்றுகிறது. பத்து மணி நேரத்தில் 40 கோடிச் சுற்றுகள்! பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தொலைவைப்போல் எழுபது மடங்குப் பயணம் அது. அவ்வளவு தூரமும் அது செல்ல வேண்டிய குழாயோ சில சென்டிமீட்டர் அகலமே உடையது. வளையம் முழு அளவில் நிரம்பியபோது ஒரு கற்றையில் அடங்கும் ஆற்றல், திட்டமிட்ட கணக்கின்படி, 362 மெகாஜூல். அரை டன் செம்பை உருக்க அது போதும். ஆகவே கற்றை வழிதவறுவது விளையாட்டன்று.

புரோட்டான்களை வளைத்துத் திருப்புவன 1,232 இருமுனைக் காந்தங்கள். அவற்றைப் பாதையின் நடுவே இழுத்து நிறுத்துவன நான்முனைக் காந்தங்கள். நடுவிலிருந்து துகள் எவ்வளவு விலகுகிறதோ, அவ்வளவுக்கு நேர்விகிதமாக அவை அதனைத் திருப்பித் தள்ளுகின்றன. எனவே துகள் ஊஞ்சல்போல் இருபுறமும் ஆடிக்கொண்டே சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ அறுபது ஆட்டங்கள். அவ்வெண்ணில் முழு எண்ணைவிட அதனைத் தொடரும் பின்னமே முக்கியமானது. பின்னம் சரியாக மூன்றில் ஒரு பங்கானால், மூன்று சுற்றுக்கு ஒருமுறை துகள் அதே நிலையில் வந்து நிற்கும். வழியிலுள்ள ஒரு சிறு குறை அதனை ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். காலம் பார்த்துத் தள்ளினால் ஊஞ்சல் உயர்வதைப்போல ஆட்டம் பெருகும். இதனையே அனுநாதம் என்கிறோம். அதனால்தான் மோதல் நிகழும் வேளையில் பின்னத்தை 0.31, 0.32 என்ற அளவுகளில் வைத்தார்கள்.

இம்மட்டோடு முடிந்தால் கணக்கு எளிது. ஆனால் எல்லாப் புரோட்டான்களும் ஒரே ஆற்றல் உடையன அல்ல. ஆற்றல் வேறுபட்டால் குவியும் இடமும் வேறுபடும். அதனைச் சரிசெய்ய அறுமுனைக் காந்தங்களை வைத்தாக வேண்டும். அவற்றின் விசையோ விலகலின் வர்க்கத்தைப் பொறுத்தது. மற்றக் காந்தங்களும் முற்றிலும் குறையற்றவை அல்ல. இவ்வாறு நேர்விகிதம் தவறிய விசைகள் புகுந்தவுடன், ஆட்டத்தின் அகலத்தைப் பொறுத்து அதன் அதிர்வெண்ணே மாறிவிடுகிறது. வீணை நரம்பை வலிந்து மீட்டினால் சுருதி சற்றே ஏறுவதை நீங்கள் கேட்டிருக்கலாம். அதுபோன்றதே இது. நாம் விலக்கி வைத்த அனுநாதத்தை, அகலமாக ஆடும் துகள் தானே தேடிச் சென்று அடைகிறது. நடுவில் ஒழுங்கு நிலவுகிறது. ஓர் எல்லைக்கு அப்பால் தாறுமாறு தொடங்குகிறது. விண்மீன்களின் இயக்கத்தை ஆராய்ந்த ஹெனோன், ஹைல்ஸ் என்ற இருவரும் 1964-இல் இத்தகைய நிலையையே தம் சமன்பாடுகளில் கண்டார்கள். விண்மீனுக்கும் புரோட்டானுக்கும் ஒரே கணிதம்!

குழாயினுள் எட்டிப் பார்க்க இயலாதே, குறையை எப்படி அளப்பது? கற்றையை மீட்டிப் பார்த்து அளக்கிறார்கள். மாறுதிசைக் காந்தம் ஒன்றைக் கற்றையின் இயல்பான அதிர்வெண்ணுக்கு அருகில், ஆனால் அதிலேயே அன்று, மெல்ல மெல்ல வலுவேற்றி ஆட்டுகிறார்கள். பின்பு மெல்ல மெல்லத் தணிக்கிறார்கள். கற்றை சிதையாமல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இடையில், வளையம் நெடுகிலும் உள்ள நூற்றுக்கணக்கான உணர்கருவிகள் ஒவ்வொரு சுற்றிலும் அதன் இடத்தைக் குறித்துக்கொள்கின்றன. பூரியேயின் முறைப்படி அவ்வெண்களைப் பகுத்தால், முதன்மைச் சுருதியோடு மெல்லிய துணைச் சுருதிகளும் வெளிப்படும். எந்தத் துணைச் சுருதி எவ்வளவு வலுவாக ஒலிக்கிறது என்பது, எவ்வகைக் குறை எவ்வளவு என்பதைச் சொல்லிவிடும். கற்றையை வேண்டுமென்றே நடுவிலிருந்து நகர்த்தி, அதிர்வெண் மாறுவதைக் காண்பது மற்றொரு வழி.

குறை மிகுதியாக வேலை செய்யும் இடம், மோதல் நிகழும் இடத்துக்கு இருபுறமும் உள்ள காந்தங்களே. பூதக்கண்ணாடி அகலமாக இருந்தால்தான் சூரிய ஒளி சிறு புள்ளியாகக் குவியும். அதுபோலக் கற்றையைத் தலைமயிரினும் மெல்லியதாகக் குவிக்க, அக்காந்தங்களில் அதனை விரியவிட வேண்டும். விரிந்த கற்றை ஓரங்களின் குறைகளை எல்லாம் சந்திக்கிறது. ஆகவே அருகிலேயே சிறு திருத்தக் காந்தங்களை வைத்திருக்கிறார்கள். அளந்த குறைக்கு எதிரான அளவில் அவற்றுக்கு மின்னோட்டம் செலுத்தி, மீண்டும் மீட்டிப் பார்க்கிறார்கள்.

ஒன்றை மறந்துவிடலாகாது. நேர்விகிதம் தவறிய விசை முழுத் தீமையும் அன்று. எல்லாத் துகள்களும் ஒரே அதிர்வெண்ணில் ஆடினால், கற்றை முழுவதும் ஒருமித்துக் குலுங்கிக் கெடக்கூடும். அதனைத் தடுக்க எண்முனைக் காந்தங்களைக் கொண்டு அதிர்வெண்களைச் சற்றே பரப்பி வைக்கிறார்கள். வேண்டாத குறை இந்த வேண்டிய பரப்பைக் கெடுத்துவிடும். அளவறிந்து திருத்தினாலன்றி எது நாம் இட்டது, எது தானே வந்தது என்று பிரித்தறிய முடியாது.

குறையற்ற காந்தத்தை எவரும் செய்துவிடவில்லை. இருந்தும் 40 கோடிச் சுற்றுகள் தவறாமல் நடந்தேறுகின்றன. குறையை ஒளிக்காமல், அதன் அளவை எண்ணால் அறிந்ததனால் வந்த வெற்றி அது.